பப் கைமாறினால் அதன் ஆட்டமும் பாட்டும் சேர்ந்து கைமாறுமா?

வாசகர் கடிதம்: வழக்குரைஞர் அம்மா அவர்களுக்கு வணக்கம். நானும் என் மனைவியும் டர்பனில் 11 ஆண்டுகளாகச் சிறிய உணவகம் ஒன்றை நடத்தி வருகிறோம். ஃபுளோரிடா ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில், பழைய வீடு ஒன்றில் நடக்கும் பப் விலைக்கு வந்திருக்கிறது. வெள்ளி, சனி இரவுகளில் டி.ஜே., மாதம் ஒரு முறை பாட்டுக் குழு, கூடத்தின் நடுவில் ஆடுவதற்கு இடம் என்று நன்றாகவே ஓடுகிறது. "லைசென்ஸ் விலையோடு சேர்ந்ததுதான், பத்து வருடமாக இப்படித்தான் நடத்துகிறேன், யாரும் வந்து கேட்டதில்லை" என்கிறார் விற்பவர். ஆனால் பின்பக்க ஃபிளாட்டில் குடியிருக்கும் வயதான அம்மா ஒருவர் சத்தம் தாங்க முடியவில்லை என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருப்பதாக அங்கே வேலை செய்யும் பையன் சொன்னான். லைசென்ஸ் எங்கள் பெயருக்கு வருமா? டி.ஜே.வுக்கும் ஆட்டத்துக்கும் தனி அனுமதி வேண்டுமா? அந்த அம்மாவின் புகாரால் கடையை மூட வைக்க முடியுமா? விடியற்காலை 4 மணி வரை திறந்து வைக்க வழி உண்டா? இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

நீங்கள் கடைசியில் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். முன்பணத்தை விற்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர் உங்களுக்கு விற்கக் கூடியவை மேசை, நாற்காலி, குளிர்பெட்டி, ஒலிபெருக்கி, சரக்கு, கடையின் பெயர், அதற்கு உள்ள நல்லெண்ணம் ஆகியவை மட்டுமே. மது விற்பனை உரிமம் அவற்றோடு சேர்த்து விலைபேசக் கூடிய பொருளன்று. அது குறிப்பிட்ட ஒரு நபருக்கு, குறிப்பிட்ட ஓர் இடத்தில், குறிப்பிட்ட ஒரு வகையான வியாபாரத்துக்கு வழங்கப்பட்ட அனுமதி. இடம் அப்படியே இருந்தாலும் ஆள் மாறும்போது, மாகாண உரிம அதிகாரிகளிடம் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, நீங்கள் அதற்குத் தகுதியானவர்தானா என்று அவர்கள் பார்த்து, ஒப்புதல் கொடுத்த பிறகே அது உங்கள் பெயருக்கு வரும். வரும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். 11 ஆண்டுகள் ஒழுங்காக உணவகம் நடத்தியவருக்கு அதில் பெரிய தடை இருக்காது. ஆனால் "வரும் என்று எதிர்பார்க்கிறேன்" என்பதை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில், உரிம மாற்றத்துக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் விற்பனை நடைமுறைக்கு வரும் என்ற முன்நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். முன்பணம் ஒரு வழக்குரைஞரின் பொறுப்புக் கணக்கில் (டிரஸ்ட் அக்கவுண்ட்) இருக்கட்டும். இடையில் "நீங்கள் நடத்துங்கள், என் பெயரிலேயே லைசென்ஸ் இருக்கட்டும்" என்ற வாய்ப்பேச்சு ஏற்பாட்டுக்கு இணங்காதீர்கள். அந்த இடைவெளியில் ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி எழும்போது அவர் ஊரில் இருக்க மாட்டார், காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிடும். நம்மவர்கள் அடிக்கடி மறக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் 1936ஆம் ஆண்டு நொடிப்புச் (திவால்) சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, வியாபாரம் கைமாறும் நாளுக்கு 30 நாட்களுக்குக் குறையாமலும் 60 நாட்களுக்கு மேற்படாமலும் முன்னதாக அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால், விற்பவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நீங்கள் வாங்கிய பொருள்மீதே உரிமை கோரிக்கொண்டு வரலாம். அங்கே வேலை செய்பவர்கள், உங்களுக்குச் செய்தி சொன்ன அந்தப் பையன் உட்பட, தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197ஆம் பிரிவின்படி பழைய பணிக்காலத்தோடு உங்களிடம் வந்து சேர்வார்கள். அவர்களுக்குச் சேர்ந்திருக்கும் விடுப்பையும் பாக்கியையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடிதத்தின் கருவே அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மதுவுக்கு ஓர் அனுமதி இருந்தால் அதன் நிழலில் பாட்டும் ஆட்டமும் தாமாகவே அடங்கிவிடும் என்று விற்பவர் நம்புகிறார், அல்லது உங்களை நம்பவைக்கிறார். இந்த நாட்டில் அப்படி இல்லை. காரணம் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. அதன் 5ஆம் அட்டவணையின் முதற்பகுதி மது உரிமங்களை மாகாணங்களுக்கு மட்டுமே உரிய பொருளாக வைத்திருக்கிறது. இரண்டாம் பகுதியோ சத்தத்தால் ஏற்படும் மாசு, பொதுத் தொல்லை, பொதுமக்களுக்கு மது விற்கும் நிலையங்களின் கட்டுப்பாடு, உணவு விற்கும் நிலையங்களின் உரிமம் ஆகியவற்றை உள்ளாட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. மத்திய அரசு இவை அனைத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, சில்லறை மது உரிமம் மாகாணங்களுக்கே உரியது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த 2003ஆம் ஆண்டின் தேசிய மதுச் சட்டம் உற்பத்தியோடும் மொத்த விநியோகத்தோடும் நின்றுகொண்டது. நம் குவாசூலு-நட்டாலுக்கு 2010இல் தனிச் சட்டம் வந்தது. எனவே நீங்கள் வாங்கப் போகும் கூடத்தில், குவளையில் இருப்பது மாகாணத்தின் பொறுப்பு, ஒலிபெருக்கியிலிருந்து வருவது எதெக்வினி (டர்பன்) மாநகராட்சியின் பொறுப்பு. ஒருவரிடம் வாங்கிய தாளைக் காட்டி மற்றவரை வாயடைக்க முடியாது.

(இதில் ஒரு பழைய வேடிக்கையும் உண்டு. 1909 முதல் ஆப்பிரிக்கர்களுக்கான பீர் விற்பனையைத் தன் தனியுரிமையாக வைத்துக்கொண்டு, அந்த வருமானத்திலேயே அவர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தை நடத்தியது இதே டர்பன் மாநகராட்சிதான். பிற ஊர்கள் பார்த்துப் பின்பற்றிய அந்த ஏற்பாட்டுக்கு "டர்பன் முறை" என்றே பெயர். இன்று அதே மாநகராட்சி மது உரிமம் வழங்க அதிகாரம் இல்லாமல் ஒலியளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.)

டி.ஜே. இசைப்பதும் நடுக்கூடத்தில் ஆடுவதும் எந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன? 1991ஆம் ஆண்டின் வணிகச் சட்டம் பெரும்பாலான வியாபாரங்களுக்கு உரிமம் தேவையில்லை என்று விடுவித்துவிட்டு, சிலவற்றை மட்டும் தன் முதல் அட்டவணையில் பிடித்து வைத்திருக்கிறது. சமைத்த உணவு விற்பது அதில் ஒன்று. அதற்கான உரிமம் உங்கள் உணவகத்துக்கு இருக்கிறது, அதன் நடைமுறையும் உங்களுக்குத் தெரியும். இன்னொன்று கேளிக்கை. மூன்றோ அதற்கு மேலோ பில்லியர்ட்ஸ் மேசைகள் வைப்பது, மூன்றோ அதற்கு மேலோ விளையாட்டு இயந்திரங்கள் வைப்பது, திரையரங்கு நடத்துவது, இவற்றோடு இரவு விடுதியோ டிஸ்கோவோ நடத்துவது. மூலையில் ஒருவர் கிட்டார் வாசிக்க, மக்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக் குடிக்கும் இடத்தை யாரும் இரவு விடுதி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மேசைகளை ஓரம் தள்ளி, விளக்கை மங்கவைத்து, டி.ஜே. மேடை போட்டு, நுழைவுக்குக் கட்டணமும் வாங்கினால், பலகையில் "பப்" என்று எழுதியிருப்பது உங்களைக் காப்பாற்றாது. மாகாண மதுச் சட்டமும் உணவகம், பப், இரவு விடுதி ஆகியவற்றை வெவ்வேறாகவே பார்க்கிறது. ஆகவே விற்பவரின் உரிமத் தாளில் எந்த வகை எழுதியிருக்கிறது, அதனுடன் இணைந்த நிபந்தனைத் தாளில் இசை பற்றி ஏதேனும் ஒரு வரி இருக்கிறதா என்று மூலத் தாளிலேயே பாருங்கள். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் முதல் பக்கம் மட்டும்தான். நிபந்தனைகள் இரண்டாம் பக்கத்தில் இருக்கும், அது எங்காவது ஒரு கோப்பில் கிடக்கும்.

"பத்து வருடமாக யாரும் கேட்டதில்லை" என்ற பேச்சை நான் பல முறை கேட்டிருக்கிறேன். யாரும் கேட்காமல் இருந்ததால் சட்டத்தில் ஓர் உரிமை பிறந்துவிடாது. அதைவிட முக்கியமானது, உங்கள் பெயருக்கு மாற்றக் கோரும் விண்ணப்பமே அந்தப் பத்து வருட மௌனத்தைக் கலைக்கப் போகிறது. கோப்பு மேசைக்கு வரும். காவல் துறையின் மதுப் பிரிவு அதிகாரி இடத்தைப் பார்க்க வருவார். மாநகராட்சியில் நிலப் பயன்பாட்டைக் கேட்பார்கள். தீயணைப்புத் துறையும் சுகாதார ஆய்வாளரும் வருவார்கள். பழையவர் காலத்தில் ஒருவர் கண்ணிலும் படாத ஆட்டக் கூடம் உங்கள் காலத்தின் முதல் மாதத்தில் எல்லோர் கண்ணிலும் படும். ஆகவே அவர் நடத்தியதை அப்படியே தொடரலாம் என்ற கணக்கில் விலை பேசாதீர்கள்.

கட்டடத்தைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் பழைய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். முன்புறம் அகலமான வராந்தா, உள்ளே குறுகிய நடை, பின்னால் சமையலறை வழியாக மட்டுமே போகக் கூடிய ஒரு கதவு. குடும்பம் வாழக் கட்டிய வீடு அது. தேசியக் கட்டட விதிகள், மக்கள் கூடி உண்ணவும் குடிக்கவும் ஆடவும் செய்யும் இடத்தை ஏ1 என்ற வகுப்பில் வைக்கின்றன. வீடாக இருந்ததை அந்த வகுப்புக்கு மாற்றியபோது வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கினார்களா என்று மாநகராட்சிக் கோப்பில் பார்க்க வேண்டும். நிலையான இருக்கை இல்லாத இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஒருவர் என்பது அந்த வகுப்பின் கணக்கு. உங்கள் கூடம் 140 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பார் கவுண்டர், டி.ஜே. மேடை, சரக்கு வைக்கும் மூலை, கழிவறைக்குப் போகும் நடை எல்லாம் போக 90 மிஞ்சினால், அங்கே நிற்கலாம் என்று சொல்லக் கூடியவர்கள் ஏறத்தாழ 90 பேர். சனிக்கிழமை இரவு 11 மணிக்கு, யாரிடமும் சொல்லாமல், சட்டைப்பையில் ஒரு எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். 160, 170 என்று வந்தால், விற்பவர் காட்டும் வருமானக் கணக்கில் பாதியளவு சட்டப்படி உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை என்று பொருள். இதைப் பொதுவாகக் கணக்காயர்கள் கவனிப்பதில்லை.

இந்த எண்ணிக்கையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு, நம் ஊரில் அதைத் தனியாக விளக்க வேண்டியதும் இல்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி சாட்ஸ்வர்த்தில் த்ராப் என்ற இரவு விடுதியில், பள்ளிப் பிள்ளைகளுக்கான நடன நிகழ்ச்சியின்போது யாரோ கண்ணீர்ப்புகையை வெடிக்க வைத்தார்கள். வெளியேற முண்டியடித்த நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். 2022 ஜூன் 26 அன்று ஈஸ்ட் லண்டனின் சீனரி பார்க்கில் ஒரு மதுக்கூடத்தில் 21 இளையோர் இறந்தார்கள், அவர்களில் பலருக்கு 18 வயது நிரம்பவில்லை. ஆகவே வாசல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, இரண்டாவது வழி பூட்டாமல் இருக்கிறதா, மின்தடை வந்த நொடியில் அவசர விளக்கு எரிகிறதா என்பதையெல்லாம் தீயணைப்பு அதிகாரி வந்து கேட்கும்வரை விட்டு வைக்காதீர்கள். பின்கதவுக்கு முன்னால் பீர் பெட்டிகளை அடுக்கி வைக்கும் பழக்கம் எல்லாக் கடைகளிலும் உண்டு. அங்கேயும் இருக்கும். போய்ப் பாருங்கள்.

இப்போது அந்த வயதான அம்மாவின் புகாருக்கு வருகிறேன். உங்கள் தொழிலின் தலையெழுத்து அவர் படுக்கையறையில்தான் இருக்கிறது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் நான் கண்ட வரை உரிமங்கள் இழக்கப்படுவதும் நேரம் குறைக்கப்படுவதும் இந்த ஒரு காரணத்தால்தான் அதிகம்.

சட்டம் சத்தத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறது. ஒன்று, கருவி வைத்து அளப்பது. 1992ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, அந்தப் பகுதிக்கென ஒலியளவு வகுக்கப்படாத நிலையில், ஒரே இடத்தில் சுற்றுப்புறத்தின் வழக்கமான ஒலியை விட 7 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் அது தொந்தரவு தரும் சத்தம். பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் தேசியத் தர ஆவணம், நகர்ப்புறக் குடியிருப்பின் வெளிப்புறத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்றும், நகர மையத்தில் 55 என்றும் வழிகாட்டுகிறது. உங்கள் தெரு இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ விழும். மற்றொன்றுக்குக் கருவியே தேவையில்லை. ஒருவருடைய வசதியையோ அமைதியையோ கெடுக்கும், அல்லது கெடுக்கக் கூடிய எந்த ஒலியும் ஒலித் தொல்லைதான். மாநகராட்சியின் பொதுத் தொல்லை பற்றிய துணைவிதிகளும் இந்த நோக்கிலேயே அமைந்தவை. விற்பவர் "எங்கள் மீட்டர் சரியாகக் காட்டுகிறது" என்று சொல்வார். அது முதல் வழிக்கு மட்டும் பதில்.

பல ஆண்டுகளுக்கு முன் இதை நேரில் பார்த்தேன். என் கட்சிக்காரர் ஒருவர், நகரின் வேறொரு பகுதியில், பாருடன் கூடிய உணவகம் நடத்திவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபம் எழுதினார். ஒலிப் பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் வைத்த கருவி, சுற்றுப்புற ஒலியை விட 5 டெசிபல்தான் கூடுதல் என்று காட்டியது. என் கட்சிக்காரர் முகம் மலர்ந்தது. பிறகு அந்த வீட்டுக்காரர் எங்களை மாடிப் படுக்கையறைக்கு அழைத்துப் போய், ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினார். பாட்டு எதுவும் கேட்கவில்லை, சொல்லும் இல்லை, ராகமும் இல்லை. ஆனால் பூட்டில் தொங்கிய சாவி, வினாடிக்கு இரண்டு முறை என்ற கணக்கில் கதவில் தட்டிக்கொண்டே இருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அதே தாளம் உள்ளங்கையில் வந்தது. கீழே இறங்கியபோது மணி 1.40 ஆகியிருந்தது. கடைப் பையன் ஒருவன் காலிப் பாட்டில் பெட்டியைத் தூக்கி இரும்புத் தொட்டியில் ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்த்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு என் கட்சிக்காரர் வீடு வரும்வரை பேசவில்லை. இரவு 11 மணிக்கு மேல் இசை கூடாது என்ற நிபந்தனை அவருக்கு விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கடையை விட்டுவிட்டார்.

கருவி ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளைக் குறைவாகவே கேட்கிறது என்பதால், வழக்கமான டெசிபல் அளவீடும் அவற்றைத் தள்ளுபடி செய்தே கணக்கிடுகிறது. டி.ஜே.வின் பாஸ் இருக்கும் 63 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இந்தத் தள்ளுபடி ஏறத்தாழ 26 டெசிபல். உயர்ந்த ஒலிகளைச் சன்னல் கண்ணாடியே பெருமளவு தடுத்துவிடும். பாஸ் தரையிலும் சுவரிலும் ஏறி நடந்து போய்விடும். காகிதத்தில் சிறிய எண்ணாக இருப்பது, படுத்திருப்பவரின் மார்பில் தட்டிக்கொண்டிருக்கும்.

எனவே ஒலிப் பொறியாளரை அழைத்தால், தோட்டத்தில் மட்டும் அளக்கச் சொல்லாமல், தாழ்ந்த அலைவரிசைகளைத் தனியே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னாலேயே செய்யக் கூடியவை உண்டு. பாஸ் பெட்டிகளைத் தரையிலிருந்தும், ஃபிளாட் பக்கத்துச் சுவரிலிருந்தும் விலக்கி அதிர்வு தாங்கும் அடிப்பட்டைமேல் வையுங்கள். ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பொருத்தி, அதன் பெட்டியைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். டி.ஜே. கையில் இருந்தால் 12 மணிக்கு மேல் அது ஏறத்தான் செய்யும், எந்த டி.ஜே.யும் விதிவிலக்கல்லர். வாசலில் ஒரு கதவு திறக்கும்போது மற்றது மூடியிருக்கும்படி இரட்டைக் கதவு போடுங்கள். சன்னலை மூடினால் டர்பன் கோடையில் உள்ளே இருக்க முடியாது, ஆகவே குளிர்சாதனச் செலவையும் கணக்கில் சேருங்கள். ஜெனரேட்டர் எந்தச் சுவரோரம் நிற்கிறது என்று பாருங்கள், அதன் இரைச்சலும் உங்கள் கணக்கில்தான் ஏறும். பாட்டில்களைக் காலை 8 மணிக்குக் கொட்டச் சொல்லுங்கள். கார் காவலர்களுக்குச் சிறிது பணம் கொடுத்து, கடை மூடும் நேரத்தில் ஹார்ன் அடிப்பவர்களையும் வாசலில் நின்று கத்துபவர்களையும் நகர்த்திவிடச் சொன்னால், ஆயிரக்கணக்கான ரேண்ட் செலவிட்டு வைத்த ஒலித் தடுப்பை விட அது அதிகம் உதவும்.

அந்த அம்மாவால் கடையை மூட வைக்க முடியுமா? தனியாக, ஒரே கடிதத்தில், முடியாது. ஆனால் அவருக்கு நான்கு கதவுகள் திறந்திருக்கின்றன. உங்கள் விண்ணப்பத்தின்மீது ஆட்சேபம் எழுதலாம். மாநகராட்சிக்குப் புகார் கொடுக்கலாம். காவல் துறையின் மதுப் பிரிவு அதிகாரியிடம் போகலாம், அவரது அறிக்கை உரிமப் புதுப்பிப்பின்போது கோப்பில் இருக்கும். எதுவும் பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அதற்கு அவர் காட்ட வேண்டியவை மூன்று. தெளிவான ஓர் உரிமை, அதற்கு நேர்ந்த அல்லது நேரக் கூடிய தீங்கு, வேறு போதிய பரிகாரம் இல்லாமை. 1914ஆம் ஆண்டின் தீர்ப்பிலிருந்து இன்றுவரை இதுவே அளவுகோல். வயதானவர், முன்னரே இரண்டு முறை எழுத்தில் முறையிட்டவர், பதில் பெறாதவர் என்று அவர் நீதிமன்றத்துக்குப் போனால், எதிர்த்தரப்பில் நிற்க எனக்கே விருப்பம் இருக்காது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் நீங்களும் உங்கள் மனைவியும் அவரைப் போய்ப் பாருங்கள். வழக்குரைஞர் கடிதம் வேண்டாம், நானும் வரவில்லை. அவர் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லாததே அவரது முதல் வருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எந்த அறை, எந்த நேரம், எந்த நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் எடுக்கக் கூடிய ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுங்கள், அவர் அழைத்தால் உண்மையாகவே எடுங்கள். அவர் சொன்னதையும் நீங்கள் செய்ததையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பின்னாளில் ஆட்சேபம் வந்தால், அந்த நோட்டு என் வாதத்தை விட அதிகம் பேசும்.

4 மணி விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: இப்போது கேட்காதீர்கள். கேப் டவுனில் 2013ஆம் ஆண்டின் துணைவிதிப்படி வணிகப் பகுதியில் இரவு 2 மணி என்பது பொதுவான எல்லை, அதற்கு மேல் 4 மணி வரை வேண்டுமானால் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது அந்த நகரத்தின் விதி. உங்களுக்குப் பொருந்துவது உங்கள் உரிம வகைக்கு நம் மாகாணச் சட்டம் தரும் நேரமும், உங்கள் நிபந்தனைத் தாளில் எழுதியிருப்பதும்தான். உரிம மாற்றத்துக்கும் நேர நீட்டிப்புக்கும் ஒரே மூச்சில் விண்ணப்பித்தால் முதலாவதுக்கு வராத ஆட்சேபத்தை இரண்டாவது இழுத்துக்கொண்டு வரும். ஓராண்டு புகார் இல்லாமல் நடத்திவிட்டு, பிறகு யோசிக்கலாம். அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தில் விற்பனை எவ்வளவு, பவுன்சர் கூலி எவ்வளவு, உடைந்த கண்ணாடி எவ்வளவு என்று பார்த்தால் ஆசையே குறைந்துவிடக் கூடும். இன்னொன்று, விற்பவர் புரட்டாசி மாதக் கணக்கைக் காட்டி "இது மந்தமான மாதம், மற்ற மாதங்கள் இரு மடங்கு" என்று சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். வாடிக்கையாளர்களில் நம்மவர்கள் எவ்வளவு பேர் என்பதைப் பொறுத்தது அது. முழு ஆண்டின் கணக்கையும் கேளுங்கள்.

மீதி விஷயங்கள் சிறியவை, ஆனால் ஒவ்வொன்றும் அபராதத்துக்கு இடம் தருபவை. பொது இடத்தில் இசை ஒலிக்க, பாட்டை எழுதி இசையமைத்தவர்களுக்காகச் சாம்ரோ என்ற அமைப்பிடமும், பதிவு செய்த பாட்டை ஒலிக்கவிடுவதானால் பாடியவர்களுக்கும் பதிவு நிறுவனங்களுக்குமாகச் சாம்ப்ரா என்ற அமைப்பிடமும் தனித்தனியே அனுமதி பெற வேண்டும். ஒன்றைக் கட்டிவிட்டு மற்றது தேவையில்லை என்று நினைப்பவர்கள் ஏராளம். வாசலில் நிற்கும் பவுன்சர்கள் 2001ஆம் ஆண்டின் சட்டப்படி தனியார் பாதுகாப்புத் துறையின் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். உறவுக்காரப் பையன் உயரமாக இருக்கிறான் என்பது போதாது. புகைபிடிக்கும் பகுதி மொத்தத் தரைப்பரப்பில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தடுப்புச் சுவரால் பிரித்திருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அதற்குள் வரக் கூடாது. வராந்தாவில் ஹப்லி (ஹூக்கா) வைத்து நடத்துகிறார்கள் என்றால் அதுவும் இதே கணக்கில் வரும். சமையலறைக்கு 2018ஆம் ஆண்டின் விதிமுறைப்படி ஏற்புச் சான்றிதழ் உங்கள் பெயரில் புதிதாக வாங்க வேண்டும், பழையவருடையது செல்லாது.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டப்படி 90 நாட்களுக்குள் எழுத்து மூலம் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேல்முறையீடு செய்ய வழி இருந்தால் அதை முடித்த பிறகு, தாமதிக்காமல், எப்படியும் 180 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வைக் கோரலாம். அந்த நிலை வராது என்றே நினைக்கிறேன்.

இந்த வாரத்துக்குள் விற்பவரிடமிருந்து உரிமத்தின் எல்லாப் பக்கங்கள், கடைசிப் புதுப்பிப்பின் ரசீது, வணிகச் சட்ட உரிமம், மாநகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். கூடவே அந்த அம்மா எழுதிய இரண்டு கடிதங்களையும் கேளுங்கள். அவை இல்லவே இல்லை என்று அவர் சொன்னால், முன்பணத்துக்கான கெடு நெருங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள்.